தாளம் உணர்த்திய ஆசான்

கல்வியில் இருவகை உண்டு. செய்தியை அறிந்துகொள்வது ஒன்று. உணர்ந்து தனதாக்கிக்கொள்வது மற்றொன்று. நீந்தும் முறையை நூலில் படித்தவன் அதனை அறிந்தவன்; ஆற்றில் இறங்கி அக்கரை சேர்ந்தவன் அதனை உணர்ந்தவன். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவை இசைக் கல்வியிற் கண்டு வருந்தி, அதனைக் கடப்பதற்கு ஒரு வழி வகுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு இசைப் பேராசிரியர் எமில் ஜாக்-டால்குரோஸ் ஆவார். காதாற் கேட்டவுடனே தாளத்தை இனங்கண்டுகொள்ளும் ஆற்றலை மாணாக்கரிடம் வளர்க்க அவர் கைக்கொண்ட முறை எளியது. ஆயினும் அன்றைய இசைப்பள்ளிகளுக்கு அது புதியது. அம்முறைக்காக அவர் ஏற்ற எதிர்ப்பும், அதற்கென எழுந்த மாளிகையையே ஒரு கையெழுத்தின் பொருட்டு அவர் இழந்த வரலாறும் அறிந்து போற்றத்தக்கவை.

பிறப்பும் இளமையும்

டால்குரோஸ் 1865-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் சுவிட்சர்லாந்து நாட்டினர். தந்தையார் சுவிஸ் கடிகார வணிகத்தின் பொருட்டு வியன்னாவில் வாழ்ந்து வந்தார். தாயார் ஜூலி அம்மையார் இசை கற்பிக்கும் ஆசிரியை. குழந்தையின் இயல்பறிந்து கற்பித்தல் வேண்டும், பொருளை முதலில் உணர்த்திப் பெயரைப் பின்னர்ச் சொல்லுதல் வேண்டும் என்று முன்னாளில் வழிகாட்டிய சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலாட்சியின் கொள்கைகளில் அவ்வம்மையார் பெரிதும் ஈடுபாடு கொண்டவர். அக்கொள்கையின் விதை மகனுடைய உள்ளத்தில் இளமையிலேயே விழுந்தது. பிற்காலத்தில் அது முளைத்து மரமாயிற்று.

வியன்னா இசைக்குப் பெயர்பெற்ற நகரம். மும்முன்று தட்டுகளாகச் சுழன்று செல்லும் வால்ட்ஸ் நடனத்தின் தாயகம் அதுவே. இரண்டிரண்டு தட்டுகளாக அடியெடுத்து வைக்கும் படைவீரர் அணிநடை இசையும் அங்கு ஒலித்தது. இத்தகைய நகரில், இசை பயிலும் இல்லத்தில் வளர்ந்த சிறுவனுக்குப் பள்ளிப்பாடம் தொடங்குமுன்னரே இசையின் ஓட்டம் பழகிப்போனதில் வியப்பில்லை.

அவருக்குப் பத்து வயது நிரம்பும் வேளையில், 1875-ஆம் ஆண்டில், குடும்பம் ஜினீவா நகரில் வந்து குடியேறியது. அந்நகரின் இசைப்பள்ளியில் அவர் பயின்றார். இசையோடு நாடகத்திலும் அவருக்கு ஆர்வம் மிகுந்திருந்தது. எனவே பள்ளிப்படிப்பை முடித்தபின் பாரிஸ் நகரம் சென்று இரண்டையும் கற்றார். புகழ்பெற்ற இசையமைப்பாளர் டெலீப் அவருக்கு அங்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர்.

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் எமில் ஹென்றி ஜாக் என்பதாகும். அப்பெயரையொத்த பெயருடைய இசையமைப்பாளர் வேறொருவரும் அக்காலத்தில் இருந்தமையால், மயக்கம் நேராதிருத்தற் பொருட்டு டால்குரோஸ் என்ற சொல்லைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். அவ்விணைப்பே பின்னர் உலகறிந்த பெயராயிற்று.

அல்ஜியர்ஸ் நகரில்

1886-ஆம் ஆண்டில் வடஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகரிலிருந்த நாடக அரங்கு ஒன்றில் துணை இசை நடத்துநராகப் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. அங்கு அவர் அரபு மக்களின் இசையைக் கேட்டார். ஐரோப்பிய இசையிற் பெரிதும் வழங்குவன இரண்டு, மூன்று, நான்கு என்னும் தட்டுகள் அடங்கிய தாளங்களே. அரபு இசையிலோ நெடிய தட்டும் குறிய தட்டும் விரவி, ஒத்த அளவிலா நடைகள் பலவும் இயல்பாக அமைந்திருந்தன. ஏட்டைப் பாராமல், எண்ணிக்கையை வாயாற் சொல்லாமல், அங்குள்ள கலைஞர்கள் அத்தாளங்களைத் தம் உடலிலேயே தாங்கியிருந்தனர். ஐரோப்பாவின் இசைப்பள்ளிகளில் நெடுங்காலம் பயின்றோர்க்கும் அரிதாக இருந்த ஒன்று, பள்ளியில் பயிலாதோர்க்கு எளிதாக வாய்த்திருந்ததை அவர் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அல்ஜியர்ஸிலிருந்து திரும்பிய பின்னர் வியன்னா சென்று, புரூக்னர், புக்ஸ் முதலிய பேராசிரியர்களிடம் மேலும் இசை பயின்றார். பின்னர் மீண்டும் பாரிஸ் சென்றார். இசையில் தாளமும் உணர்ச்சியும் இயையும் முறையை ஆராய்ந்து நூல் எழுதிய மாத்தீஸ் லூசி என்னும் அறிஞரின் தொடர்பு அங்கு அவருக்கு ஏற்பட்டது. தாளம் வெறும் எண்ணிக்கையன்று, உயிரின் இயக்கத்தோடு தொடர்புடையது என்னும் எண்ணம் அவரிடம் மேலும் வலுப்பெற்றது.

வகுப்பறையிற் கண்ட குறை

1892-ஆம் ஆண்டில் ஜினீவா இசைப்பள்ளி அவரைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. சுரங்கள் ஒன்றோடொன்று இயைந்து ஒலிக்கும் இலக்கணத்தை மாணாக்கர்க்குக் கற்பிப்பது அவர் பணி. மாணாக்கர் பலர் கைத்திறன் மிக்கவர்கள். கடினமான இசைப்பகுதிகளையும் பியானோவிற் பிழையின்றி வாசிக்கவல்லவர்கள். இலக்கண விதிகளைக் கேட்டால் மளமளவென்று ஒப்புவிப்பார்கள். தேர்வுத்தாளில் இசைக்கணக்குகளைத் திறம்பட முடிப்பார்கள்.

ஆனால், அவர்கள் எழுதிய சுரக்கூட்டம் எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்டால் விடை வருவதில்லை. எழுதியதை அவர்களுடைய அகச்செவி கேட்கவில்லை. தாளத்தின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கதாய் இருந்தது. ஐரோப்பிய இசைக்குறிப்பில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் எழுதப்பெற்றிருக்கும். ஒரு தாளவட்டத்தில் எத்தனை தட்டுகள் உள்ளன என்பதனையும், ஒவ்வொரு தட்டின் அளவு யாது என்பதனையும் அவ்வெண்கள் காட்டும். அதுவே தாளக்குறி. தாளக்குறியைக் கண்ணாற் கண்டால் அதன் பொருளை மாணாக்கர் சொல்லிவிடுவர். ஏட்டை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் வாசித்துக்காட்டி, இது எத்தாளம் என்று வினவினால் அவர்களுட் பலர் திகைத்து நின்றனர். சிலர் வாசிக்கும்பொழுதே விரைந்தனர், சிலர் பின்தங்கினர், சிலர் நெடிய சுரத்தை முழு அளவிற்கும் நிறுத்தாது இடையிலே கைவிட்டனர்.

இக்குறை யாரிடத்தது என்று டால்குரோஸ் ஆராய்ந்தார். மாணாக்கரைச் சினந்து ஒதுக்கியிருந்தால் அவருடைய வேலை எளிதாய் முடிந்திருக்கும். அவ்வாறு செய்ய அவர் மனம் இசையவில்லை. குறை மாணாக்கரிடம் இல்லை, கற்பிக்கும் முறையிலேயே இருக்கின்றது என்று அவர் துணிந்தார். இசையைக் கேட்டு உணருமுன்னரே அதன் குறியீடுகளை எழுதக் கற்பித்தது தவறு. பேசத் தொடங்காத குழந்தைக்கு இலக்கணம் கற்பிப்பது போன்றது அது என்று அவருக்குத் தோன்றியது.

நடை காட்டிய வழி

அந்நாளில் அவர் கூர்ந்து நோக்கிய சில செய்திகள் அவருக்கு விளக்காயின. பாட்டைக் கேட்கும்பொழுது மாணாக்கர் தம்மையறியாமலே தலையை அசைத்தனர். காலாற் தரையைத் தட்டினர். முதல் தட்டில் அவர்களுடைய உடல் சற்றே சாய்ந்தது. மேலும், பியானோவின் முன் அமர்ந்தால் தாளம் தவறும் மாணாக்கனே தெருவில் நடக்கும்பொழுது ஒரு சிறிதும் தவறாத சீரான நடையில் நடந்தான். அவன் தாளம் அறியாதவன் அல்லன். காலில் இருந்த தாளம் கைக்கும் காதுக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவே.

நடை என்பது இயற்கை மனிதனுக்கு அளித்த தாளக்கருவி. இதயத்துடிப்பும் மூச்சும் அத்தகையனவே. எனவே தாளத்தை முதலில் உடலுக்குக் கற்பித்து, அதன்வழியே செவிக்கும் அறிவுக்கும் கொண்டு செல்லுதல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மாணாக்கரை நாற்காலியினின்றும் எழச்செய்தார், மேசைகளை ஒதுக்கினார், தாம் பியானோவின்முன் அமர்ந்து, அவ்வப்பொழுது மனத்தில் எழுந்த இசையை வாசித்தார். அவ்விசைக்கேற்ப மாணாக்கர் நடக்கத் தொடங்கினர்.

பயிற்சி முறைகள்

முதற்பயிற்சி எளியது. பியானோ மெல்ல ஒலித்தால் மெல்ல நடத்தல் வேண்டும். விரைந்தால் விரைதல் வேண்டும். ஒலி நின்றால் அக்கணமே நிற்றல் வேண்டும். இதற்கு எண் எழுத்து ஒன்றும் தேவையில்லை. செவியை மட்டும் கூர்மையாக வைத்திருந்தாற் போதும். ஆசிரியர் எப்பொழுது மாற்றுவார் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், மாணாக்கரின் கவனம் ஒரு நொடியும் சிதறாது.

அடுத்தது தாளத்தை இனங்காணும் பயிற்சி. கடிகாரத்தின் ஒலியை எடுத்துக்கொள்வோம். அதன் தட்டுகள் அனைத்தும் ஒரே அளவின, ஒன்றற்கொன்று வேறுபாடில்லை. ஒரே தன்மையுடைய தட்டுகள் தொடர்ந்து வந்தால் அவற்றில் சீர் உண்டு. ஆயினும் அவை இரண்டா மூன்றா என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு தட்டு மற்றவற்றினும் வலிமையாக ஒலித்து, அவ்வலிய தட்டு மீண்டும் மீண்டும் ஒரே இடைவெளியில் வரும்பொழுதுதான் தாளவட்டம் பிறக்கின்றது. ஒரு வலிய தட்டை அடுத்து ஒரு மெலிய தட்டு வந்தால் அஃது இரண்டு தட்டுத் தாளம். ஒரு வலிய தட்டை அடுத்து இரண்டு மெலிய தட்டுகள் வந்தால் அது மூன்று தட்டுத் தாளம். ஆகவே தாளத்தைக் காதால் அறிய விரும்புவோன் முதலில் அறிய வேண்டுவது எண்ணிக்கையை அன்று. வலிய தட்டு எது என்பதையே அவன் அறிதல் வேண்டும்.

இதனை உணர்த்த டால்குரோஸ் கைகளைப் பயன்படுத்தினார். வலிய தட்டில் கைகள் மேலிருந்து கீழே இறங்குதல் வேண்டும். இரண்டு தட்டுத் தாளமாயின் அடுத்த தட்டில் மேலே உயரும். மூன்று தட்டாயின் கீழே, பக்கத்தே, மேலே என மூன்று அசைவுகள். நான்கு தட்டாயின் கீழே, மார்பின் குறுக்கே, பக்கத்தே, மேலே என நான்கு அசைவுகள். பாட்டு ஒலிக்கும்பொழுது வலிய தட்டைத் தவறவிட்ட மாணாக்கனுடைய கை, ஏனையோர் கைகள் இறங்கும் வேளையில் உயர்ந்து நிற்கும். பிறர் எவரும் திருத்த வேண்டுவதில்லை. தன் பிழையை அவன் தானே கண்டு திருத்திக்கொள்வான்.

கைகள் இவ்வாறு தாளவட்டத்தைக் காட்ட, கால்கள் சுரங்களின் நீளத்தைக் காட்டும். ஒரு தட்டு நீளமுடைய சுரத்திற்கு ஓரடி. ஒரு தட்டில் இரண்டு சுரங்கள் வந்தால் இரண்டு விரைந்த அடிகள். இரண்டு தட்டு நீளமுடைய சுரத்திற்கு ஓரடி வைத்து, மறுதட்டில் முழங்காலை வளைத்து நிற்றல் வேண்டும். நெடிய சுரத்தைப் பாதியில் கைவிட்ட மாணாக்கர் இப்பயிற்சிக்குப் பின் அவ்வாறு செய்யவில்லை. ஓர் ஒலி நீண்டு நிற்கும்பொழுதும் அதனுள்ளே இயக்கம் நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது என்பதை அவர்களுடைய முழங்கால்கள் அறிந்துகொண்டன.

சில தாளங்கள் செவியை மயக்குவன. ஆறு குறிய சுரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று கூட்டங்கள் கிடைக்கும். மும்மூன்றாகச் சேர்த்தால் இரண்டு கூட்டங்கள் கிடைக்கும். சுரங்களின் தொகை இரண்டிலும் ஆறே, ஏட்டுக்கணக்கு ஒன்றே. ஆயினும் முன்னதற்கு நடப்பவன் மூன்று சிற்றடிகள் வைப்பான். பின்னதற்கு நடப்பவன் படகு அசைவதுபோல் இரண்டு பேரடிகள் வைத்து அசைவான். இவ்வேறுபாட்டைச் சொல்லால் விளக்குவது கடினம். நடந்து பார்த்த மாணாக்கனுக்கோ அது நடந்த அப்பொழுதே விளங்கிவிடும். நம் நாட்டு இசையில் திச்ர நடையையும் சதுச்ர நடையையும் கையாற் தட்டிப் பழகியவர்கள் இதன் உண்மையை எளிதில் அறிவர்.

ஒரு சொல்லைக் கேட்டவுடனே செயலை மாற்றும் பயிற்சியும் உண்டு. மாணாக்கர் முன்னே நடந்துகொண்டிருக்கும்பொழுது ஆசிரியர் திடீரென்று ஒரு குறிச்சொல்லைக் கூறுவார். உடனே அவர்கள் பின்னே நடத்தல் வேண்டும். அல்லது ஒரு தட்டு நிற்றல் வேண்டும். அல்லது இரு மடங்கு விரைதல் வேண்டும். தேர்ச்சி பெற்ற மாணாக்கர் ஒரு கையால் இரண்டு தட்டுத் தாளமும் மறு கையால் மூன்று தட்டுத் தாளமும் ஒருங்கே காட்டவும் கற்றனர். மூன்றும் இரண்டுமாய் ஐந்து தட்டுகள் அமைந்த தாளமும் அவர்களுக்கு அரிதாக இல்லை. அல்ஜியர்ஸில் அன்று கண்ட திறன் ஜினீவாவின் பிள்ளைகளிடம் இவ்வாறு மலரத் தொடங்கியது.

இவையனைத்தும் முடிந்த பின்னரே தாளக்குறி கரும்பலகையில் எழுதப்பெறும். தாம் கேட்டு, நடந்து, கையால் வரைந்து உணர்ந்த ஒன்றிற்குப் பெயரும் எண்ணும் இவையென அப்பொழுது மாணாக்கர் அறிவர். பொருள் முன்னும் பெயர் பின்னுமாக வரும் அம்முறையில் தாயாரின் கொள்கை மகனிடம் பயன் தந்தது.

எதிர்ப்பும் ஏற்பும்

புதுமைக்கு எதிர்ப்பு உடன்பிறந்தது. இசைப்பள்ளி என்பது அமர்ந்து பயிலும் இடம். ஓடவும் குதிக்கவும் ஏற்ற இடம் அன்று என்று பலர் கருதினர். தடையின்றி இயங்குதற்பொருட்டு மாணவியர் வெறுங்காலுடனும் கைகள் மறைக்கப்படாத எளிய உடையுடனும் பயிற்சி செய்தனர். கட்டுப்பாடு மிக்க அக்கால ஜினீவா நகரத்தாருக்கு அது முறைகேடாகத் தோன்றியது. டால்குரோஸின் தாளப்பயிற்சியைப் பாடத்திட்டத்திற் சேர்த்துக்கொள்ள இசைப்பள்ளியினர் இசையவில்லை. அவர் மனம் தளரவில்லை. விருப்பமுள்ள மாணாக்கரைக்கொண்டு, பள்ளி நேரத்திற்குப் புறம்பாகத் தம் ஆய்வை நடத்தினார். ஜினீவாவில் வாழ்ந்த உளநூலறிஞர் கிளாபரேட் போன்றோர் அம்முறையின் பயனை உணர்ந்து அவருக்கு ஊக்கமளித்தனர்.

இதற்கிடையில் பாட்டாசிரியராகவும் அவர் புகழ் பெற்றார். குழந்தைகள் பாடி ஆடுதற்கேற்ற பாடல்கள் பலவற்றை அவர் இயற்றினார். பிரெஞ்சு மொழி வழங்கும் சுவிட்சர்லாந்துப் பகுதியில் அவருடைய பாடல்கள் வீடுதோறும் ஒலித்தன. 1903-ஆம் ஆண்டில் லோசான் நகரில் நடைபெற்ற பெருவிழாவிற்கு அவரே இசையமைத்தார். 1899-ஆம் ஆண்டில் அவர் மணந்துகொண்ட துணைவியாரும் ஒரு பாடகியே.

1905-ஆம் ஆண்டில் சோலொதுர்ன் நகரிற் கூடிய சுவிஸ் இசைவாணர் மாநாட்டில் அவர் தம் மாணாக்கரைக்கொண்டு பயிற்சிகளைச் செய்துகாட்டினார். சொற்பொழிவாற் பெற முடியாத வெற்றியை அக்காட்சி பெற்றுத் தந்தது. ஆசிரியர் பலர் அம்முறையைக் கற்க விரும்பினர். 1906-ஆம் ஆண்டில் ஆசிரியர்களுக்கான முதற் பயிற்சி வகுப்பை ஜினீவாவில் அவர் தொடங்கினார். தம் முறையை விளக்கும் நூலையும் அதே ஆண்டில் வெளியிடத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்தும் மாணாக்கர் அவரை நாடி வந்தனர்.

ஹெல்லராவின் மாளிகை

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே ஹெல்லரா என்னும் ஒரு தோட்ட நகரம் 1909-ஆம் ஆண்டில் தோன்றியது. மரத்தளவாடத் தொழிற்சாலை ஒன்றைச் சார்ந்த தொழிலாளர் நல்ல காற்றும் ஒளியும் பெற்று வாழ்வதற்கென அமைந்த ஊர் அது. உழைப்பும் கலையும் ஒருங்கே வளரவேண்டும் என்று விரும்பிய உல்ப் டோர்ன் என்னும் பெருமகனார் டால்குரோஸின் பணியைக் கண்டு வியந்து, அவரை அங்கு அழைத்தார். டால்குரோஸ் 1910-ஆம் ஆண்டில் ஜினீவா இசைப்பள்ளியை விட்டு நீங்கி ஜெர்மனி சென்றார். அவருக்கெனவே 1911-ஆம் ஆண்டில் ஹெல்லராவில் ஒரு மாளிகை எழலாயிற்று. அதனை வரைந்து அமைத்தவர் டெசனோ என்னும் கட்டடக் கலைஞர்.

அம்மாளிகையின் அரங்கு புதுமையானது. மேடையையும் காண்போரையும் பிரிக்கும் திரை அங்கு இல்லை. சுவர்களை மூடிய வெண்துணிக்குப் பின்னே ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் அமைந்திருந்தன. இசை உயரும்பொழுது ஒளி உயரவும், இசை தாழும்பொழுது ஒளி தாழவும் அவை இயக்கப்பெற்றன. அடோல்ப் அப்பியா என்னும் சுவிஸ் அரங்கக் கலைஞர் மேடையைப் படிக்கட்டுகளாகவும் தளங்களாகவும் வகுத்தமைத்தார். 1912, 1913 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடைபெற்ற விழாக்களைக் காண ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் அறிஞர்கள் வந்தனர். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவும் அவர்களுள் ஒருவர். கிளக் இயற்றிய ஆர்பியூஸ் என்னும் இசைநாடகம் அவ்விழாக்களில் நடிக்கப்பெற்றது.

ஹெல்லராவில் பயின்றவர்களுள் வார்சா நகரிற் பிறந்த மேரி ராம்பேர்ட் என்னும் பெண்மணியும் ஒருவர். ஸ்டிராவின்ஸ்கி இயற்றிய வசந்தச் சடங்கு என்னும் இசைக்கு நிஜின்ஸ்கி நடனம் அமைக்க முற்பட்டபொழுது பெருந்தொல்லை ஒன்று எழுந்தது. அவ்விசையின் பல பகுதிகளில் தாளம் வட்டத்திற்கு வட்டம் மாறிக்கொண்டே இருந்தது. தேர்ந்த நடனக் கலைஞர்களும் எண்ணிக்கை தவறித் தடுமாறினர். அவர்களுக்கு அத்தாளங்களை உணர்த்துவதற்காக ராம்பேர்ட் அம்மையார் அழைக்கப்பெற்றார். 1913-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் பாரிஸில் அந்நடனம் அரங்கேறியது. டால்குரோஸின் வகுப்பறையில் தோன்றிய பயிற்சி பேரரங்குகளின் தேவைக்கும் உதவவல்லது என்பது இதனால் விளங்கும். அதே ஆண்டில் லண்டன் மாநகரிலும் அவர் முறையைக் கற்பிக்கும் பள்ளியொன்று தோன்றியது.

ஒரு கையெழுத்து

இன்பம் நிலைப்பதில்லை. 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உல்ப் டோர்ன் பனிச்சறுக்கு விபத்தில் உயிர் நீத்தார். அவ்வாண்டுக் கோடையில், ஜினீவா சுவிஸ் கூட்டாட்சியோடு இணைந்ததன் நூற்றாண்டு விழாவிற்கு இசையமைத்து நடத்துவதற்காக டால்குரோஸ் தாயகம் வந்திருந்தார். ஜூலைத் திங்களின் இறுதியில் முதல் உலகப்போர் மூண்டது.

செப்டம்பரில் ஜெர்மானியப் படையின் பீரங்கிக் குண்டுகள் பிரான்சின் ரீம்ஸ் நகரப் பேராலயத்தின்மீது விழுந்தன. பல நூற்றாண்டுகளாக நின்ற அக்கலைக்கோயில் தீப்பற்றிச் சிதைந்தது. அச்செயலைக் கண்டித்து ஜினீவாவின் அறிஞரும் கலைஞரும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதில் கையெழுத்திடுவதா, வாளாவிருப்பதா என்னும் வினா டால்குரோஸின் முன் நின்றது. அவருடைய மாளிகை ஜெர்மனியில் இருந்தது. மாணாக்கர், புகழ், வருவாய், எதிர்காலம் ஆகிய அனைத்தும் அம்மாளிகையோடு பிணைந்திருந்தன. சுவிட்சர்லாந்து போரிற் கலவாத நாடு. அவர் பேசாதிருந்தாற் பழிப்பவர் இலர். மறுபுறம், அவருக்கு வாழ்வளித்த ஜெர்மானிய நண்பர்கள் இருந்தனர். அவர்கள் மனம் புண்படும் என்பதும் தெளிவு. இவ்வளவும் ஒருபுறம் நிற்க, அழிந்த கலைக்கோயில் ஒருபுறம் நின்றது. டால்குரோஸ் கையெழுத்திட்டார்.

ஜெர்மனியில் அவர்மீது கடுஞ்சினம் எழுந்தது. செய்தித்தாள்கள் அவரை நன்றி மறந்தவர் என்று தூற்றின. ஹெல்லராவின் கதவு அவருக்கு அடைபட்டது. தமக்கென எழுந்த மாளிகையில் அவர் பணியாற்றிய காலம் மூன்றாண்டளவே. அதே அறிக்கையிற் கையெழுத்திட்ட சுவிஸ் ஓவியர் ஹோட்லரும் ஜெர்மானியக் கலைச்சங்கங்களிலிருந்து நீக்கப்பெற்றார்.

மீண்டும் ஜினீவாவில்

டால்குரோஸுக்கு அப்பொழுது வயது நாற்பத்தொன்பது. இழந்ததை எண்ணி இரங்கிக்கொண்டிராமல் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கினார். முன்னர் அவர் முறையை ஏற்கத் தயங்கிய ஜினீவாவே இப்பொழுது அவருக்குத் துணை நின்றது. நண்பர்களின் முயற்சியால் 1915-ஆம் ஆண்டில் அந்நகரில் அவர் பெயரால் ஒரு கல்விக்கூடம் நிறுவப்பெற்றது. ஒளிவிளக்குகள் ஆயிரம் கொண்ட அரங்கு அங்கு இல்லை. ஆயினும் நடப்பதற்கு ஓர் அறையும், ஒரு பியானோவும், கேட்கும் செவியுடைய மாணாக்கரும் இருந்தனர். அவருடைய முறைக்கு வேறொன்றும் வேண்டுவதில்லை.

அக்கல்விக்கூடத்தில் அவர் நெடுங்காலம் கற்பித்தார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் யூரித்மிக்ஸ் என்னும் பெயரால் வழங்கிய அவர் முறை, இசைப்பள்ளிகளுக்கு அப்பாலும் பரவியது. சிறுவர் பள்ளிகளில் அது விளையாட்டாயிற்று. நாடகப் பள்ளிகளில் நடிப்புப் பயிற்சியாயிற்று. பார்வையற்ற சிறுவர்கள் இடத்தையும் திசையையும் அறிந்து அச்சமின்றி நடப்பதற்கும் அது துணை செய்தது. முதுமையிலும் அவர் பியானோவின் முன் அமர்ந்து மாணாக்கரை நடத்தி மகிழ்ந்தார். 1950-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், எண்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாட்களே இருக்கும் வேளையில், ஜினீவாவில் அவர் இயற்கை எய்தினார். அவர் பெயர் தாங்கிய கல்விக்கூடம் அந்நகரில் இன்றும் ஆசிரியர்களைப் பயிற்றி வருகின்றது.

முடிவுரை

டால்குரோஸ் புதிய தாளம் எதனையும் படைத்தவர் அல்லர். ஒவ்வொருவர் நடையிலும் மூச்சிலும் முன்னரே இருந்த தாளத்தை அவர்களுக்கே அறிமுகம் செய்துவைத்தவர். மாணாக்கன் தடுமாறியபொழுது, அவன் அறிவை ஐயுறாமல் தம் கற்பிக்கும் முறையை ஐயுற்றது அவருடைய ஆசிரியப் பண்பு. வலிய தட்டு எது என்று செவி தேர்ந்துகொண்டால் தாளம் தானே விளங்கும் என்பது அவர் வகுப்பறையிற் கற்பித்த பாடம். வாழ்விலும் வலியது எது, மெலியது எது என்று தேர வேண்டிய வேளை அவருக்கு வந்தது. மாளிகையை மெலியதாகவும் மனச்சான்றை வலியதாகவும் அவர் கொண்டார். கற்பித்ததற்கு ஏற்ப வாழ்ந்த அப்பேராசானின் வரலாறு, கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் ஒருங்கே வழிகாட்டுவதாகும்.